51 நடை: வேகாஸ் குன்றுக்குக் குண்டு சுமந்த குதிரை

1953 மார்ச் மாதத்தின் கடைசி வாரம். கொரியாவின் மேற்கு முனையில், ஷெல் விழுந்து கிளறிப்போட்ட நெல்வயல்களின் நடுவே ஒரு சிறிய செவலைக் குதிரை நடந்துவருகிறது. நெற்றியில் வெள்ளைப் பட்டை. மூன்று கால்களில் கீழ்ப்பகுதி வெள்ளை. முதுகில் பொதிச்சேணம், அதன் இருபுறமும் வாரால் இறுக்கிக் கட்டிய 75 மி.மீ. குண்டுகள். கயிற்றைப் பிடித்து நடத்திவர ஆள் இல்லை. வயலைக் கடந்து, செங்குத்தான சரிவில் ஏறி, பீரங்கி இருக்கும் மேட்டில் வந்து நிற்கிறது. பொதியை இறக்குகிறார்கள். குதிரை திரும்பி, வந்த வழியே இறங்குகிறது. கீழே மறுபடி பொதி ஏறுகிறது. மறுபடி மேடு.

ஒரே நாளில் இப்படி 51 நடை. சுமந்த குண்டுகள் 386. நடந்த தூரம் 35 மைலுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 56 கிலோமீட்டர். இடையில் இரண்டு முறை காயம்: ஒன்று கண்ணுக்கு மேலே, இன்னொன்று விலாப்பக்கம்.

அமெரிக்க மரைன் படை இந்தப் பெண்குதிரையை 'சார்ஜன்ட் ரெக்லெஸ்' என்ற பெயரில் நினைவில் வைத்திருக்கிறது. சிலை இருக்கிறது, பதக்கம் இருக்கிறது, வீரக்கதைகள் நிறைய இருக்கின்றன. அந்தக் கதைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழுந்து அடங்காமல் நிற்கும். விரட்ட ஆளில்லாமல், கட்டிப்போடக் கயிறில்லாமல், குண்டு விழுகிற இடத்தை நோக்கி ஒரு குதிரை ஏன் திரும்பத் திரும்ப நடந்தது? குதிரை இயல்பிலேயே மிரண்டு ஓடும் விலங்கு. ஓடித்தான் அந்த இனம் பிழைத்து வந்திருக்கிறது. அந்த நாளில் அது எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஓடியிருக்கலாம்.

'வீரம்' என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுவது எளிது. அந்தப் பதில் குதிரைக்கும் நியாயம் செய்யவில்லை, அதைப் பழக்கிய மனிதர்களுக்கும் நியாயம் செய்யவில்லை என்று நினைக்கிறேன். அதனால்தான் இதை 'அவள்' என்று எழுதாமல் 'அது' என்றே எழுதுகிறேன். சீருடை போட்ட பெண்ணாகக் கற்பனை செய்யாமல் குதிரையைக் குதிரையாகப் பார்த்தால்தான் அது செய்த காரியத்தின் அளவு தெரியும்.

குதிரைக்கு ஏன் தேவை வந்தது

ஜீப்பும் லாரியும் ஹெலிகாப்டரும் வந்துவிட்ட காலத்தில் நடந்த போர் அது. அப்படியிருந்தும் ஒரு மரைன் அதிகாரி குதிரை தேடிப் போனார் என்றால் காரணம் நிலமும் ஆயுதமும்தான்.

5-வது மரைன் படைப்பிரிவின் டாங்கி எதிர்ப்புக் கம்பெனியில் ஒரு பிளாட்டூன் (சிறு படைக்குழு), 'ரீகாயில்லெஸ் ரைபிள்' என்ற 75 மி.மீ. பீரங்கிகளை வைத்திருந்தது. சுடும்போது பின்னுதைப்பு இல்லாத ஆயுதம். பின்னுதைப்பை உறிஞ்சிக்கொள்ளும் கனத்த அடிப்பாகம் தேவையில்லாததால் மற்ற பீரங்கிகளைவிட எடை மிகக் குறைவு. குறைவு என்றாலும் 52 கிலோ அளவுக்கு இருக்கும், நீளம் 2 மீட்டருக்கு மேல். ஆட்களே அதைத் தோளில் தூக்கி மேடேற்றிவிடலாம்.

அதற்கான விலை வேறு இடத்தில் வந்தது. பின்னுதைப்புக்குப் பதிலாகச் சூடான வாயு குழாயின் பின்பக்கமாகச் சீறிக்கொண்டு வெளியேறும். புழுதியும் புகையும் எழும்பும். எதிரி பார்த்துக்கொண்டிருந்தால் பீரங்கி இருக்கும் இடம் உடனே தெரிந்துவிடும். நாலைந்து குண்டு சுட்டதும் இடம் மாற வேண்டும். இல்லையென்றால் பதில் ஷெல் தலையில் விழும். ஆக, ஓயாமல் இடம் மாறும் ஒரு பீரங்கிக்கு, ஒவ்வொன்றும் சுமார் 11 கிலோ எடையுள்ள குண்டுகளை விடாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வண்டிப் பாதை குன்றின் அடிவாரத்தோடு முடிந்துவிடும். அதற்கு மேல் மனித முதுகுதான்.

கொரியப் போரில் மனித முதுகு எவ்வளவு சுமந்தது என்பதைச் சொல்லாமல் குதிரையைப் பற்றிப் பேசுவது சரியாக இருக்காது. கொரியச் சேவைப் படை என்ற பெயரில் திரட்டப்பட்ட உள்ளூர் ஆண்கள், 'ஜிகே' எனும் மரச்சட்டத்தை முதுகில் மாட்டிக்கொண்டு சோறும் தண்ணீரும் குண்டும் குன்றுகளின் மேல் ஏற்றினார்கள். இறங்கும்போது காயம்பட்டவர்களைச் சுமந்து வந்தார்கள். ஓர் ஆளுக்குச் சுமார் 23 கிலோ, நாளொன்றுக்கு 16 கிலோமீட்டர் என்பது அவர்களுக்கு வகுத்த அளவு. பீரங்கிக் குண்டில் கணக்குப் போட்டால் ஒரு முறைக்கு இரண்டு குண்டு. ரெக்லெஸ் அந்த ஒரு நாளில் சுமந்த 386 குண்டுகளை மனிதர்கள் சுமந்திருந்தால் 193 நடை ஆகியிருக்கும். அந்தச் சுமைக்காரர்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இந்தக் குதிரையின் பெயரளவுக்குத் துலக்கமாக இல்லை.

250 டாலர்

பிளாட்டூன் தளபதி எரிக் பெடர்சன், பொதி சுமக்க ஒரு குதிரை வாங்க மேலதிகாரியிடம் அனுமதி பெற்று, 1952 அக்டோபரில் சியோல் குதிரைப் பந்தயத் திடலுக்குப் போனார். கொடுத்த விலை 250 டாலர், அதுவும் சொந்தப் பணம். அரசாங்கக் கொள்முதல் இல்லை என்ற இந்தச் சின்ன விவரம் இரண்டு ஆண்டு கழித்துப் பெரிதாகத் திரும்பி வரும்.

விற்றவர் அங்கே குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர். அவருடைய சகோதரி கண்ணிவெடியில் ஒரு காலை இழந்திருந்தார். செயற்கைக் கால் வாங்கப் பணம் வேண்டும், விற்க அவரிடம் இருந்தது இந்தக் குதிரை ஒன்றுதான். அவர் அதற்கு வைத்திருந்த பெயர் 'ஆச்சிம்ஹே', காலைச் சூரியன் என்று பொருள். இந்தக் கதையில் இழப்பைச் சந்தித்த முதல் ஆள் அவர்தான். பதக்கப் பட்டியல்களில் அவருக்கு இடமில்லை.

குதிரை சிறியது. உயரம் குதிரைகளை அளக்கும் கணக்கில் 14 கை, அதாவது சுமார் 142 செ.மீ., எடை சுமார் 900 பவுண்டு, அதாவது 410 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. வயது மூன்று அல்லது நாலு இருக்கலாம் என்று கணித்தார்கள். பந்தயத்துக்கென்று வளர்ந்த விலங்கு முள்கம்பிக்கும் பதுங்குகுழிக்கும் நடுவே வந்து சேர்ந்தது. மரைன்கள் தங்கள் ரீகாயில்லெஸ் பீரங்கியைப் பேச்சுவழக்கில் 'ரெக்லெஸ்' என்று சுருக்கிக் கூப்பிடுவார்கள். பின்விளைவைப் பொருட்படுத்தாத துணிச்சல் என்ற அர்த்தமும் அந்தச் சொல்லில் இருக்கிறது. பீரங்கியின் பெயரே குதிரைக்கும் ஒட்டிக்கொண்டது.

பொதிச்சேணம் கொரியாவில் கிடைக்கவில்லை. பெடர்சன் கலிஃபோர்னியாவிலிருந்த மனைவிக்கு எழுத, அவர் ஒன்றை வாங்கித் தபாலில் அனுப்பினார். பொதிவிலங்கை வேலைக்கு வைத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பொருந்தாத சேணம் முதுகுத்தோலை ஒரே நாளில் உரித்துவிடும். புண்பட்ட முதுகோடு எந்த விலங்கும் இரண்டாவது நாள் மனமுவந்து பொதிக்கு நிற்காது.

லேதம் கற்றுத்தந்தவை

பயிற்சிப் பொறுப்பு சார்ஜன்ட் ஜோசஃப் லேதமுக்கு வந்தது. அன்றாடப் பராமரிப்பு மன்ரோ கோல்மனுக்கு. புதிய மரைன்களுக்கு நடக்கும் பயிற்சி முகாமை நினைத்து, பிளாட்டூன்காரர்கள் இதைக் 'குளம்பு முகாம்' என்று கூப்பிட்டார்கள்.

பாடத்திட்டத்தை வரிசையாகப் பார்த்தால் லேதம் எவ்வளவு யோசித்திருக்கிறார் என்று புரியும். முள்கம்பி காலில் சிக்காமல் நடப்பது. தரையில் ஓடும் தொலைபேசிக் கம்பிகளைத் தாண்டுவது. ஜீப்பின் பின்னால் இழுத்துப்போகும் சிறு டிரெய்லரில் தானே ஏறி, நெருக்கிக்கொண்டு நின்று, இறங்குவது. வெடி நெருங்கினால் தரையில் படுப்பது. ஷெல் வருகிறது என்று வீரர்கள் கத்தும் குரலைக் கேட்டதும் பதுங்குகுழியை நோக்கி ஓடுவது.

இந்தக் கடைசிப் பாடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆபத்தில் ஓடு என்பது குதிரையின் பிறவிக் குணம். எங்கே ஓடுவது என்பதை மட்டும்தான் லேதம் மாற்றினார். திறந்தவெளியில் கண்டபடி ஓடும் கால்களுக்கு ஒரு முகவரி கொடுத்தார். பயத்தை அழிக்க முயலவில்லை. அந்தப் பயம் போய்ச்சேர ஓர் இடத்தைக் கட்டிக்கொடுத்தார். விலங்குப் பயிற்சியில் இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

எதிர்மாறான வழியும் போர்களில் உண்டு. 1944-இல் பர்மாவில் எதிரிகளின் பின்னால் இறக்கப்பட்ட 'சிண்டிட்' என்ற பிரிட்டிஷ் சிறப்புப் படையினர் கோவேறு கழுதைகளைக் கூடவே கொண்டுபோனார்கள். கழுதை கத்தினால் இருப்பிடம் தெரிந்துவிடும் என்று அவற்றின் குரல்நாண்களை அறுவைசெய்து நீக்கினார்கள். காட்டுக்குள் மாட்டிக்கொண்ட படைக்கு வேறு வழி இல்லாமல் இருந்திருக்கலாம், அதை இங்கிருந்து தீர்ப்பு சொல்ல நான் தயாரில்லை. ஆனாலும் போருக்கு ஏற்றபடி விலங்கை வெட்டிச் செதுக்குவதும், விலங்கின் இயல்புக்கு ஏற்றபடி வேலையை அமைப்பதும் ஒன்றாகிவிடாது.

முதல் வெடி

ரெக்லெஸ் முதன்முதலாகச் சண்டைக்களத்துக்குப் போன நாள் பயிற்சியின் உண்மையான தேர்வு. முதுகில் 6 குண்டுகள் இருந்தன. பீரங்கி முதல் தடவை வெடித்தபோது, அந்தச் சுமையோடும் நான்கு கால்களும் தரையைவிட்டு எழும்பும்படி குதிரை துள்ளியது. இறங்கியதும் உடம்பு நடுங்கியது. கோல்மன் பக்கத்தில் நின்று தேற்றினார். இரண்டாவது வெடிக்கு மூச்சைச் சீறி விட்டதோடு சரி. அன்றைய வேலை முடியும் நேரத்தில் யாரோ கழற்றிப் போட்ட தலைக்கவசத்தின் உள்ளுறையைத் தின்னப் பார்த்துக்கொண்டிருந்தது.

கேட்கச் சிரிப்பு வரும் காட்சிதான். ஆனால் என் கேள்விக்கான சாவி இங்கே இருக்கிறது. மிரண்ட குதிரைக்கு மேயத் தோன்றாது. வாய் எதையாவது தேட ஆரம்பித்துவிட்டது என்றால் உடம்புக்குள் பதற்றம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். சில மணிநேரத்தில் குதிரை ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டது: இந்தப் பயங்கரச் சத்தத்துக்குப் பிறகு தனக்கு எதுவும் நேரவில்லை, பழகிய ஆள் பக்கத்திலேயே இருக்கிறார்.

கோல்மன் அந்த நேரத்தில் அடித்திருந்தாலோ, கயிற்றை முரட்டுத்தனமாக இழுத்திருந்தாலோ வேறு பாடம் பதிந்திருக்கும். வெடிச்சத்தம் வந்தால் மனிதனிடமிருந்து அடியும் வரும் என்று குதிரை கற்றிருக்கும். நாலு மாதம் கழித்து வேகாஸ் குன்றில் 51 நடை நடந்திருக்காது.

வேகாஸ்

மரைன்களின் பிரதான முனைக்கு வெளியே, எதிரிப் பக்கம் நீட்டிக்கொண்டு மூன்று காவல் குன்றுகள் இருந்தன. ரீனோ, வேகாஸ், கார்சன். சூதாட்டத்துக்குப் பேர்போன நெவாடா மாநிலத்து ஊர்ப் பெயர்கள். பிடித்து வைத்திருப்பது சூதாட்டம் மாதிரிதான் என்பதால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். ஒவ்வொன்றிலும் சுமார் 40 பேர்.

1953 மார்ச் 26 மாலை இருட்டும் நேரத்தில் சீனப் படை மூன்றையும் ஒரே சமயத்தில் தாக்கியது. அன்றிரவே ரீனோவும் வேகாஸும் விழுந்தன. கார்சன் தாங்கியது. அடுத்த நாட்களில் வேகாஸை மீட்க மரைன்கள் மீண்டும் மீண்டும் ஏறினார்கள். 28-ஆம் தேதி குன்று திரும்பக் கைக்கு வந்தது. அதன் பிறகும் எதிர்த்தாக்குதல்கள் ஓயவில்லை. ரீனோ போனது போனதுதான். ஐந்து நாள் சண்டையில் இறந்தும் காயமுற்றும் மரைன்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள். சீனத் தரப்பின் இழப்பு அதைவிடப் பெரிது.

இந்தச் சண்டையின் ஒரு நாளில்தான் அந்த 51 நடை. மேலோட்டமாகப் பார்த்தால் நம்ப முடியாத எண்கள். அதனால் நானே பிரித்துப் பார்த்தேன்.

386 குண்டை 51-ஆல் வகுத்தால் நடைக்கு ஏழரை. ஒரு முறைக்கு 4 முதல் 8 வரை ஏற்றினார்கள் என்பதோடு இது ஒத்துப்போகிறது. பெரும்பாலான நடைகளில் முழுப் பொதியையே ஏற்றியிருக்கிறார்கள் என்றும் தெரிகிறது. எடையில் சராசரி 82 கிலோ, சேணம் தனி. குதிரையின் சொந்த எடையில் இது ஐந்தில் ஒரு பங்கு. நெடுநேரம் சுமக்கும் குதிரைக்கு ஏற்றது என்று பொதுவாகச் சொல்லப்படும் அளவும் கிட்டத்தட்ட இதுதான். ஏற்றிய ஆட்கள் அவசரத்தில் கண்மண் தெரியாமல் ஏற்றவில்லை. 56 கிலோமீட்டரை 51-ஆல் வகுத்தால் போக வர ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். முழு 24 மணிநேரத்துக்கும் பரப்பினால்கூட 28 நிமிடத்துக்கு ஒரு நடை. மொத்தச் சுமை 4 டன்னைத் தாண்டுகிறது.

ஒரு நடையின் தூரம் குறைவு என்பதைக் கவனிக்க வேண்டும். அரை கிலோமீட்டர் ஏற்றம், பொதி இறக்கம், அரை கிலோமீட்டர் காலி முதுகோடு இறக்கம். ஒவ்வொரு நடையிலும் பாதித் தூரம் குதிரைக்குச் சுமை இல்லாத நடை. உடம்பு தாக்குப்பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும். ஏற்றமோ சாதாரணமானது இல்லை. சில இடங்களில் 45 பாகைச் சரிவு, அதற்கு முன்னால் மறைவே இல்லாத வயல்வெளி.

இறங்கும்போது எல்லா நடையும் காலி முதுகோடு முடியவில்லை. காயமடைந்தவர்களையும் கீழே கொண்டுவந்தது. ஷெல் துண்டு பட்டுக் கண்ணுக்கு மேலே வெட்டுப்பட்டது. பின்னர் விலாவில் ஒரு காயம். மருந்து போட்டார்கள், குதிரை தொடர்ந்தது. மரைன்கள் தங்கள் தற்காப்பு மேலங்கிகளைக் கழற்றி அதன்மேல் போர்த்தினார்கள் என்பது அந்தப் பிளாட்டூனில் சொல்லப்பட்டு வந்த செய்தி. ஷெல் விழும் நேரத்தில் ஒரு மனிதன் தன் நெஞ்சை மூடியிருக்கும் ஒரே பொருளைக் கழற்றி ஒரு விலங்குக்குக் கொடுப்பதற்கு என்ன விளக்கம் எழுதினாலும் போதாது.

ஏன் திரும்பிப் போனது

முதல் காரணம், வழி. ரெக்லெஸுக்குப் புதிய பாதையைக் காட்ட இரண்டு மூன்று முறை கூட நடந்தால் போதும், பிறகு தனியாகப் போய்வரும். குதிரைகளின் இட நினைவு வலுவானது. ஒரு திருப்பத்தில் தண்ணீர் இருந்தால் அடுத்த முறை அந்தத் திருப்பத்துக்கு முன்பே காது முன்னால் மடங்கும். பாதை தெரிந்த குதிரைக்கு அது அந்நிய நிலம் இல்லை, தன் நிலம்.

இரண்டாவது, பாதையின் இரண்டு முனைகளிலும் தெரிந்த முகங்கள். இதுதான் மிக முக்கியம் என்று எனக்குப் படுகிறது. குதிரை கூட்டமாக வாழும் விலங்கு. தனியாக விடப்படுவதே அதற்குப் பெரிய பயம். மரைன்களிடம் வந்த பிறகு அதற்குக் குதிரைக் கூட்டம் இல்லை, இந்த மனிதர்கள்தான் கூட்டம். கீழே குண்டு ஏற்றுபவர்களும் அவர்கள், மேலே இறக்குபவர்களும் அவர்கள். நடுவில் இருக்கும் வெட்டவெளிதான் பயங்கரம். அதில் நின்றுவிடாமல் ஏதாவது ஒரு முனையை எட்டிவிடுவதே குதிரையின் இயல்புக்குப் பிடித்த காரியம். அதாவது 51 முறை அது ஆபத்தை நோக்கி நடந்ததாக நாம் பார்க்கிறோம். குதிரையின் பக்கமிருந்து பார்த்தால் 102 முறை தன் கூட்டத்தை நோக்கி நடந்திருக்கிறது.

மூன்றாவது, வேலைக்கு ஒரு முடிவு இருந்தது. மேலே போனால் சுமை இறங்கும். கீழே வந்தால் தடவிக்கொடுப்பார்கள், வாய்க்கு ஏதாவது கிடைக்கும். இந்த ஒழுங்கு ஒரு முறைகூடப் பிசகவில்லை என்றால் குதிரைக்கு அந்த நடை நம்பத்தக்கதாகிவிடும்.

இவையெல்லாம் சேர்ந்த பிறகும் ஏதோ மிச்சமிருக்கிறது என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். கண்ணருகே வெட்டுப்பட்ட பிறகும் சரிவில் காலெடுத்து வைத்த விலங்கின் மனதுக்குள் என்ன ஓடியது என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிட முடியாது. ஆனால் அதற்குப் போர் என்றால் என்னவென்று தெரியாது, கொடி தெரியாது, எதிரி தெரியாது. தன் ஆட்களை நம்பியது. அந்த நம்பிக்கையை ஆட்கள் ஆயுதத்துக்குத் தீனி போடப் பயன்படுத்தினார்கள். இப்படி ஒரு நம்பிக்கையை வாங்கிக்கொண்டவர்களுக்கு அதைத் திருப்பித் தர வேண்டிய கடன் உண்டு.

கூடாரத்துக்குள்

ரெக்லெஸ் பொதிக்கென்று வாங்கப்பட்ட குதிரை. படையின் செல்லமானது பிறகுதான். முதலில் முகாமுக்குப் பக்கத்துப் புல்வெளியில் கட்டினார்கள். சில வாரங்களில் இஷ்டப்படி திரிந்தது. குளிரில் கூடாரத்துக்குள் புகுந்து லேதமின் அடுப்போரம் படுத்துக்கொண்டது. முட்டைப் பொரியல், பன்றி இறைச்சி, வெண்ணெய் தடவிய ரொட்டி, சாக்லேட், காப்பி, பீர், கோக்கோ கோலா என்று வாய்க்கு எட்டியதையெல்லாம் தின்றது, குடித்தது. தன் போர்வையைத் தின்றது. ஒருமுறை லேதம் சீட்டாட்டத்தில் ஜெயித்து வைத்திருந்த 30 டாலர் மதிப்புள்ள சில்லுகளையும் தின்றுவிட்டது.

இந்தப் பட்டியலை எல்லோரும் குதூகலமாகச் சொல்கிறார்கள். எனக்கு வயிற்றைப் பிசைகிறது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போன தவறான தீனி வெளியே வர வழியில்லை, வயிற்றுவலியிலேயே குதிரைகள் சாகும். நாளைக்கு இரண்டு பாட்டிலுக்கு மேல் கோலா வேண்டாம் என்று கால்நடை மருத்துவர் சொல்லவேண்டி வந்ததே, எவ்வளவு ஊற்றியிருப்பார்கள் என்பதற்குச் சான்று. குதிரைக்கு ஒன்றும் ஆகாமல் போனது அதிர்ஷ்டம். படையின் அடையாள விலங்குகளுக்கு வீரர்கள் செய்யும் அன்பில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. தங்களுக்குப் பிடித்ததைக் கொடுப்பார்கள், விலங்குக்கு ஆகுமா என்று பார்க்க மாட்டார்கள்.

இதே கதையைத் தலைகீழாகத் திருப்பினால் வோய்டெக் என்ற கரடி வரும். 1942-இல் ஈரானில் ஹமதான் அருகே போலந்து அகதிகளும் வீரர்களும் ஒரு சிறுவனிடமிருந்து வாங்கிய அனாதைக் குட்டி. போலந்தின் 22-வது பீரங்கி வழங்கல் கம்பெனியில் செல்லமாக வளர்ந்தது, பீர் குடித்தது, வீரர்களோடு மல்யுத்தம் செய்தது. இத்தாலிக்குப் போகும் கப்பலில் விலங்குகளை ஏற்ற மாட்டார்கள் என்றதும் அதைச் சிப்பாயாகப் பதிவேட்டில் சேர்த்துவிட்டார்கள். 1944-இல் மோண்டே காசினோ சண்டையில் மனிதர்கள் குண்டுப் பெட்டி தூக்குவதைப் பார்த்துத் தானும் தூக்கியது. குண்டு ஏந்திய கரடி அந்தக் கம்பெனியின் சின்னமானது. அது செல்லமாக வந்து சுமக்கத் தொடங்கியது. ரெக்லெஸ் சுமக்க வந்து செல்லமானது.

போர் முடிந்ததும் இரண்டின் வழிகளும் பிரிந்தன. சொந்த நாட்டுக்குத் திரும்ப முடியாத போலந்து வீரர்களோடு ஸ்காட்லாந்து வந்த வோய்டெக்கை, முகாம் கலைந்தபோது 1947-இல் எடின்பரோ விலங்குக்காட்சிச் சாலையில் விட்டார்கள். 1963 டிசம்பரில் இறக்கும்வரை அங்கேதான். பழைய தோழர்கள் வந்து வேலியருகே நின்று போலிஷ் மொழியில் பேசுவார்கள். கரடி நிமிர்ந்து பார்க்கும். மனிதக் கூட்டத்தில் வளர்ந்த விலங்குக்குப் பதினாறு ஆண்டு அடைப்பு. வீரர்களைக் குறைசொல்ல மனமில்லை, அவர்களுக்கே வீடில்லாத காலம் அது.

கடன்

1953 ஜூலை 27-இல் போர் நிறுத்தம் ஆனது. போர் முடிந்ததும் விலங்குகளுக்கு என்ன நேரும் என்பதற்கு அதற்கு முந்தைய வரலாறு நல்ல வழிகாட்டி இல்லை. முதல் உலகப் போருக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து கடல் கடந்து போன குதிரைகள் சுமார் 1,36,000. திரும்பி வந்தது ஒன்றே ஒன்று, ஜெனரல் பிரிட்ஜஸின் குதிரையான சாண்டி. நோய் பரவும் என்ற அச்சமும் கப்பல் செலவும் மற்றவற்றுக்குக் குறுக்கே நின்றன. எகிப்தில் விற்கப்பட்ட பிரிட்டிஷ் படைக் குதிரைகள் கிழடாகி எலும்பு துருத்திக்கொண்டு கெய்ரோ தெருக்களில் வண்டி இழுப்பதை 1930-இல் கண்ட டாரதி புரூக் என்ற பெண்மணி, நிதி திரட்டி அவற்றை வாங்கத் தொடங்கினார். 1934-இல் அங்கே ஒரு மருத்துவமனையும் அமைத்தார்.

ரெக்லெஸும் அந்த வழியில் போயிருக்கலாம். 250 டாலர் சொந்தப் பணத்தில் வாங்கிய குதிரையை நாட்டுக்குக் கொண்டுவர அரசாங்கத்துக்குக் கடமை இல்லை. 1954 ஏப்ரலில் படை அணிவகுத்து நிற்க, ஜெனரல் ரான்டால்ஃப் பேட் அதற்கு முறைப்படி சார்ஜன்ட் பதவி கொடுத்தார். அந்தப் பதவி ஒரு கப்பல் டிக்கெட்டைக்கூட வாங்கித் தரவில்லை. அதே மாதம் அமெரிக்க வார இதழ் ஒன்றில் வந்த கட்டுரையைப் படித்த கப்பல் நிறுவன அதிகாரி ஒருவர் இலவசமாக ஏற்றிவர முன்வந்தார். 1954 நவம்பர் 10, மரைன் படையின் பிறந்தநாளன்று, ரெக்லெஸ் சான் பிரான்சிஸ்கோ மண்ணில் இறங்கியது. அன்றிரவு விருந்தில் கேக்கையும் மேசை அலங்காரப் பூக்களையும் தின்றது.

கலிஃபோர்னியாவிலுள்ள மரைன் படைத்தளமான கேம்ப் பெண்டில்டனில் புல்வெளி கிடைத்தது. குட்டிகள் பிறந்தன. 1959-இல் அப்போது மரைன் படைத் தலைவராக இருந்த பேட் மறுபடி வந்து ஸ்டாஃப் சார்ஜன்ட் ஆக்கினார். மரியாதைக்குப் பீரங்கி முழங்கியது, 1,700 பேர் அணிவகுத்தனர். 1960 நவம்பரில் ஓய்வு. 2013-இல் வர்ஜீனியாவிலுள்ள மரைன் அருங்காட்சியகத்தில் சிலையும், 2016-இல் விலங்குகளுக்கான டிக்கின் பதக்கமும் வந்தன. அவை குதிரைக்குத் தெரியப்போவதில்லை. குதிரைக்குத் தெரிந்த மரியாதை வேறு. இனி தன் போர்வைகளைத் தவிர வேறெதையும் அதன் முதுகில் ஏற்றக்கூடாது என்று பெண்டில்டனில் உத்தரவு இருந்தது. யாரும் ஏறிச் சவாரி செய்யவும் கூடாது.

வயதாக ஆக முதுகில் மூட்டுவாதம் வந்தது. 1968 மே 13-ஆம் தேதி, 19 அல்லது 20 வயதில், ரெக்லெஸ் தடுமாறி ஒரு முள்கம்பி வேலியில் விழுந்தது. மயக்க மருந்து கொடுத்துக் காயங்களுக்குச் சிகிச்சை செய்துகொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது. முள்கம்பியில் கால் சிக்காமல் நடப்பதைத்தான் கொரியாவில் லேதம் அதற்குக் கற்றுக்கொடுத்திருந்தார்.